வன்வட்டா, நாஸ் பெட்டியா, கிளவுடா? படங்களை எங்கே வைப்பது

போன சனிக்கிழமை விடியற்காலையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் கரையில் இரண்டு மணி நேரம் நின்றேன். நீலத் தாழைக்கோழி ஒன்று கோரைத் தண்டைக் கால்விரல்களால் பற்றி வாய்க்குக் கொண்டுபோய், கரும்பு கடிப்பதுபோலக் கடித்துத் தின்றது. அதை மட்டும் 210 படம் எடுத்தேன், மொத்தம் 640. வீட்டுக்கு வந்து மெமரி கார்டைக் கணினியில் செருகி நகலெடுக்கத் தொடங்கினால் பாதியில் நின்றுவிட்டது. வன்வட்டில் (ஹார்ட் டிஸ்க்) இடமில்லை.

கேமரா வைத்திருப்பவர்கள் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வந்து நிற்கும் இடம் இது. என்னுடையது 24 மெகாபிக்சல் கேமரா. ஒரு படத்தில் 2.4 கோடி புள்ளிகள். சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ரா கோப்பில் புள்ளிக்கு 14 பிட். அப்படியே எழுதினால் 42 எம்.பி. தரம் குறையாமல் சுருக்கினாலும் 28 எம்.பி. வரை வருகிறது. ஆக, அந்த ஒரு காலைப் பொழுது மட்டும் 18 ஜி.பி. சுருக்கிய படக் கோப்பான ஜேபெக்கில் எடுத்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு போதும். ஆனால் எதிர்வெயிலில் எடுத்த பறவையின் இறகில், நிழலுக்குள் அமுங்கிக் கிடக்கும் நீலத்தைப் பிறகு வெளியே கொண்டுவர ரா கோப்புதான் கைகொடுக்கும். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. 1975-ல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தபோது, பத்தாயிரம் புள்ளிகள் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 வினாடி ஆனது. படத்தை எடுப்பதைவிட வைப்பது பெரும்பாடு என்பது அன்றே தொடங்கிவிட்டது.

என் சேமிப்பு இப்போது 2.4 டி.பி. (2,400 ஜி.பி.). ஆண்டுக்கு 300 ஜி.பி. கூடுகிறது. நான் ஒரு நிறுவனத்தில் சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் இருப்பதால், உடன் வேலை செய்பவர்களும் உறவினர்களும் 'எதை வாங்கலாம்?' என்று என்னிடம் கேட்பதுண்டு. எல்லோரும் கொள்ளளவையும் வேகத்தையும் விலையையும் ஒப்பிடுகிறார்கள். நான் ஒப்பிடுவது வேறு இரண்டு விஷயங்களை. இது எப்படிச் சாகும்? நான் ஊரில் இல்லாதபோது வீட்டில் உள்ளவர்கள் இதைத் திறக்க முடியுமா? இந்த இரண்டு கேள்விகளும் எனக்கு 2015-ல் வந்தவை.

அந்த டிசம்பரில் வேளச்சேரியில் தரைத்தளத்தில் குடியிருந்தோம். 1-ஆம் தேதி இரவு தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியபோது அரிசியையும் ஆவணங்களையும் குழந்தையையும் மாடிக்குக் கொண்டுபோனோம். படங்கள் இருந்த வன்வட்டும் அதன் நகலும் மேசையின் கீழ் இழுப்பறையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. மூன்றாம் நாள் இறங்கிவந்து எடுத்தேன். வன்வட்டு நாம் நினைப்பதுபோல் காற்றுப் புகாத பெட்டி அல்ல. அதன் மூடியில் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளும் புறமும் காற்றழுத்தம் சமமாக இருப்பதற்கான வழி அது. 'இதை மூடாதீர்கள்' என்று பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். அந்தத் துளையைச் சுற்றிச் சாம்பல் நிறச் சேறு வளையமாகக் காய்ந்திருந்தது. மீட்டுத் தரும் கடையில் இரண்டையும் கொடுத்துப் பார்த்தேன், ஒன்றும் தேறவில்லை. 2007 முதல் 2015 வரை எடுத்த அத்தனையும் போயிற்று. மிஞ்சியது ஒரு 8 ஜி.பி. பென் டிரைவ் மட்டும். 2012-ல் நடந்த காதுகுத்துப் படங்களைத் திருச்சியில் இருக்கும் அக்கா கேட்டார் என்று போட்டுக் கொடுத்திருந்தேன். அப்பாயி உயிரோடு இருந்தபோது எடுத்த கடைசிப் படங்கள் அதில்தான் இருந்தன.

இரண்டு நகல் இருந்தும் இழந்தேன். ஒரே வெள்ளம் எட்டும் தூரத்தில் இருக்கும் இரண்டு நகல்களை இப்போது ஒன்றாகத்தான் எண்ணுகிறேன்.

இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். முதலில், கையடக்க வன்வட்டு. சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும். விலை குறைவு, இடம் அதிகம், தனி மின்இணைப்பு வேண்டாம், யார் கணினியில் செருகினாலும் திறக்கும். எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைத்துவிட்டால் விண்டோஸும் மேக்கும் ஒன்றுபோல் படிக்கும். வேகம் வினாடிக்கு 100 எம்.பி.யை ஒட்டி இருக்கும். ஆண்டுக்குச் சில முறை நகலெடுப்பவருக்கு அது தாராளம். வாங்கியதும் 2 டி.பி. என்று எழுதியிருக்க விண்டோஸ் 1.81 என்று காட்டுகிறதே, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது.

இவற்றில் பெரிய கொள்ளளவு கொண்டவை பெரும்பாலும் எஸ்.எம்.ஆர். முறையில் எழுதுபவை. நாட்டு ஓடு வேய்ந்த கூரையை நினைத்துக்கொள்ளுங்கள்: ஓர் ஓட்டின் விளிம்பு அடுத்ததன் மேல் படிந்திருக்கும். எழுதும் தடங்களும் அப்படித்தான் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. அதனால்தான் சிறிய தட்டில் அவ்வளவு இடம். நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால் அதன்மேல் படிந்தவற்றையும் எடுத்து மறுபடி வேய வேண்டும். ஆகவே அடிக்கடி அழித்து எழுதினால் இந்த வன்வட்டு திணறும். படச் சேமிப்போ ஒருமுறை எழுதிப் பலமுறை படிப்பது. எனவே நமக்கு இதனால் குறையில்லை. ஆனால் இதே வன்வட்டை, வீட்டு நெட்வொர்க்கில் எந்நேரமும் ஓடும் சேமிப்புக் கருவியான நாஸ் பெட்டிக்குள் போட்டால் கதை வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

வன்வட்டு சாகும் விதம் பெரும்பாலும் காதில் விழும். 'டக், டக்' என்று ஒரே சீராக அடிக்கும் அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார். படிக்கும் முனை தன் இடத்தைத் தேடிக் கிடைக்காமல் திரும்பத் திரும்ப அலைகிறது என்று பொருள். கேட்டதும் இணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். 'இன்னொரு முறை முயன்று பார்ப்போம்' என்று ஓடவிட்டால் தட்டில் கீறல் விழும். கீழே போட்டாலும் சாகும், வெள்ளத்திலும் சாகும். ஆனாலும் அது சாவது ஒரு பெட்டியோடு முடிகிறது. இன்னொரு நகல் வேறு ஊரில் இருந்தால் அழ வேண்டியதில்லை.

சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் பதியும் எஸ்.எஸ்.டி.யை இந்த வேலைக்கு நான் பரிந்துரைப்பதில்லை. படங்களைத் திருத்தும்போது அதைவிட நல்லது கிடையாது. நான் வேலை செய்வதும் அதில்தான். ஆனால் அலமாரியில் ஆண்டுக்கணக்கில் போட்டு வைப்பதற்கு அது செய்யப்படவில்லை. அதன் நினைவகச் செல்களில் தகவல் மின்னேற்றமாக நிற்கிறது. மின்சாரம் இல்லாமல் கிடக்கும்போது அது மெல்லக் கசிகிறது, வெப்பம் கூடினால் இன்னும் வேகமாக. எழுதும் ஆயுள் முழுதும் தீர்ந்த நிலையில், சாதாரணப் பயனாளருக்கான எஸ்.எஸ்.டி. 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தாங்க வேண்டும் என்பதே ஜெடெக் அமைப்பின் தர அளவு. புதியது இதைவிட நெடுநாள் தாங்கும். இருந்தாலும் சென்னை மே மாதத்தில் மூடிய அறைக்குள் 30 டிகிரி எங்கே இருக்கிறது?

ப்ளூ ரே வட்டுகளும் காந்த நாடாவும் மிச்சம். 25 ஜி.பி. வட்டில் எழுதினால் எனக்கு 96 வட்டு வேண்டும், அவற்றைப் படிக்கும் கருவி இன்றைய மடிக்கணினிகளில் இல்லை. நாடா நிறுவனங்களுக்கானது, கருவியின் விலை வீட்டுக்குக் கட்டுபடியாகாது.

நாஸ் பெட்டிதான் தொழில்நுட்பத்தில் ஆசை உள்ள எவரையும் இழுப்பது. சின்னக் கணினி ஒன்று, அதற்குள் இரண்டு வன்வட்டுகள், ரூட்டரோடு இணைத்து வீட்டின் மூலையில் வைத்துவிட்டால் எல்லோருடைய கைப்பேசிப் படங்களும் இரவில் தாமாக அதில் வந்து சேரும். நானும் 2019-ல் வாங்கினேன். பெட்டியும் இரண்டு 4 டி.பி. வன்வட்டுகளும் சேர்த்து நாற்பதாயிரத்துக்கு மேல் ஆயிற்று. ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் எழுதும் ரெய்டு முறை. இந்தப் பெயர் 1988-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. ஒரு வன்வட்டு செத்தாலும் வேலை நிற்கக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். அலுவலகத்தில் அந்த நோக்கத்தின் அருமையை நாள்தோறும் பார்க்கிறேன். ஆனால் கோப்பு ஒன்றைத் தவறுதலாக அழித்தால் அதே நொடியில் இரண்டிலும் அழியும். ரெய்டு காப்புநகல் ஆகாது.

பெட்டியின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒருநாள் 2016-ஆம் ஆண்டுப் படம் ஒன்றைத் திறந்தேன். மகள் முதல்நாள் பள்ளிக்குப் போகும் படம். மேல் பாதி சரியாக இருந்தது. நெற்றிப் பொட்டுக்குக் கீழே படம் பக்கவாட்டில் விலகி, ஊதாக் கோடுகளாகப் போயிருந்தது. எப்போதோ ஒரு நகலெடுப்பில் சில பிட்டுகள் புரண்டிருக்கின்றன. அந்தக் கெட்ட கோப்பையே நான் அடுத்தடுத்த வன்வட்டுகளுக்கு அக்கறையாக நகலெடுத்து வந்திருக்கிறேன். இசட்.எஃப்.எஸ்., பி.டி.ஆர்.எஃப்.எஸ். போன்ற கோப்பு முறைகள் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைச் சேர்த்து எழுதுகின்றன. பிறகு படிக்கும்போது எண் பொருந்தாவிட்டால், நல்ல நகலிலிருந்து தாமே சரிசெய்துகொள்கின்றன. நல்ல நாஸ் பெட்டிகளில் இந்த வசதி உண்டு. இம்மிச் என்ற திறமூல மென்பொருளை அதில் நிறுவினால் முகம் பார்த்துப் படங்களைப் பிரிக்கும் வேலையும் வீட்டுக்குள்ளேயே நடந்துவிடும். குழந்தைகளின் படங்கள் எவருடைய சர்வருக்கும் போகவேண்டியதில்லை. இந்த இரண்டும் சின்ன விஷயங்கள் அல்ல.

ஆனால் அந்தப் பெட்டிக்கு ஆள் வேண்டும். 20 வாட் என்று கணக்கு வைத்தால் இரண்டு மாதத்துக்கு 29 யூனிட் மின்சாரம் என்பது பெரிதில்லை. மின்வெட்டில் திடீரென்று அணையாமல் இருக்க யூ.பி.எஸ். வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்களை விடாமல் போட வேண்டும். வெளியூரிலிருந்து பார்க்கலாமே என்று இணையத்துக்குத் திறந்துவிட்டவர்களின் பெட்டிகளை 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பணயநிரல் ஆயிரக்கணக்கில் பூட்டிப் பணம் கேட்டது. ஒரு வன்வட்டு செத்து மாற்றினால், புதியதை நிரப்ப மணிக்கணக்காக இடைவிடாமல் எழுத வேண்டும். நான் முன்பு சொன்ன ஓடு வேய்ந்த வகை வன்வட்டு அங்கே நாள்கணக்கில் இழுக்கும், சில நேரம் பாதியில் கைவிட்டுவிடும். பெட்டியின் பலகையே பழுதானால் உள்ளே இருக்கும் வன்வட்டைக் கழற்றி விண்டோஸ் மடிக்கணினியில் செருகிப் பயனில்லை, அது திறக்காது.

எனக்கு இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவை. என் மனைவிக்கு அப்படியல்ல என்பதை ஒருநாள் உணர்ந்தேன். வேலையாக ஹைதராபாத்தில் இருந்தேன். மகளின் பள்ளியில் சிறுவயதுப் படம் ஒன்று மறுநாள் காலைக்குள் வேண்டும் என்றார்கள். அன்று மாலை மின்சாரம் போய் வந்ததில் பெட்டி எழுந்திருக்கவில்லை. "பச்சை விளக்கு எரிகிறதா, மஞ்சளா?" என்று தொலைபேசியில் தொடங்கி நாற்பது நிமிடம் போராடினோம். "நம் வீட்டுப் படத்தைப் பார்ப்பதற்கு நீங்கள் வீட்டில் இருக்க வேண்டுமா?" என்று அவர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் ஊருக்குப் போயிருக்கலாம். நாளை நான் இல்லாமலும் போகலாம்.

அந்தக் கேள்விக்குக் கிளவுட், அதாவது இணையம் வழியாக ஒரு நிறுவனத்தின் சர்வர்களில் வைப்பது, நல்ல விடை போலத் தோன்றும். வெள்ளம் எட்டாது, திருடன் வரமாட்டான், கைப்பேசியில் முகத்தைத் தொட்டால் அந்த ஆளின் பதினைந்து ஆண்டுப் படமும் வரிசையாக வரும். தேடுவதில் கூகுள் ஃபோட்டோஸுக்கு இணையாக நான் வேறெதையும் பார்க்கவில்லை. நான் விசாரித்தபோது 100 ஜி.பி.க்கு மாதம் 130 ரூபாய், 2 டி.பி.க்கு 650 ரூபாய். என் 2.4 டி.பி. அந்தப் படியைத் தாண்டிவிட்டது. அடுத்த படி அப்போது 5 டி.பி. பிறகு ஏற்றும் நேரம்: 50 எம்.பி.பி.எஸ். பதிவேற்ற வேகம் ஒரு நொடியும் தொய்யாமல் கிடைத்தாலும் நான்கரை நாள். இறக்கும் நாளில் என்ன பாடு என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும். 'இடம் மிச்சப்படுத்து' என்ற தெரிவை வைத்திருந்தால் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படம் சுருக்கப்பட்டே ஏறும். பலர் இதைக் கவனிப்பதில்லை. கைப்பேசியில் இடம் வேண்டும் என்று அந்தச் செயலிக்குள்ளேயே படத்தை அழிப்பவர்கள், அது கிளவுடிலும் அழிவதை அறிவதில்லை. குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், பிறகு போய்விடும்.

இவையெல்லாம் கவனமாக இருந்தால் தவிர்க்கக்கூடியவை. கிளவுட் சாகும் விதம் வேறு: விதிகள் மாறும். ஃப்ளிக்கர் 2013-ல் எல்லோருக்கும் 1 டி.பி. இலவசம் என்றது, 2019-ல் ஆயிரம் படங்களே என்றாகி, கூடுதலாக இருப்பவை அழிக்கப்படும் என்றது. கூகுள் ஃபோட்டோஸின் வரம்பில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு நின்றது. அதன்பின் மின்னஞ்சலும் சேர்த்து 15 ஜி.பி.தான். மைஸ்பேஸ் ஒரு சர்வர் மாற்றத்தில் பல ஆண்டுப் படங்களையும் பாடல்களையும் இழந்ததாக 2019-ல் தெரியவந்தது. 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்திராஸ்பூரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையமே எரிந்தது. காப்புநகல் வேறு இடத்தில் வைக்காத வாடிக்கையாளர்கள் தரவை இழந்தார்கள்.

பணம் கட்டினாலும் கணக்கு உங்கள் கடவுச்சொல்லிலும் தொலைபேசி எண்ணிலும் தொங்குகிறது. என் நண்பர் ஒருவர் சிம் கார்டை மாற்றிய மாதத்தில் கணக்கிலிருந்து வெளியே தள்ளப்பட்டார். ஓ.டி.பி. போவது பழைய எண்ணுக்கு. பேசுவதற்கு அந்தப் பக்கம் மனிதர் எவரும் இல்லை. ஐந்து வாரம் கழித்தே உள்ளே போனார். அந்த ஐந்து வாரமும் அவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கிளவுடில் வைப்பவர்கள் இன்றே செய்யவேண்டியது ஒன்று உண்டு. கூகுளில் 'செயல்படாத கணக்கு மேலாளர்' என்ற அமைப்புக்குப் போய், நீங்கள் குறிப்பிட்ட மாதங்கள் நுழையாவிட்டால் யாரிடம் தரவைக் கொடுக்கலாம் என்று பெயர் எழுதிவையுங்கள். ஆப்பிளிலும் 2021 முதல் இதேபோன்ற வாரிசுத் தொடர்பு வசதி உண்டு. பத்து நிமிட வேலை. இரண்டு ஆண்டு அசைவில்லாத கூகுள் கணக்கு நீக்கப்படலாம்.

மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்ற விதியைப் பரப்பியவர் பீட்டர் க்ரோக். அவரும் ஒரு புகைப்படக்காரர்தான். அதை என் வீட்டுக்கு இப்படிப் பொருத்தினேன்.

இரண்டு 5 டி.பி. கையடக்க வன்வட்டுகள். ஒரே பெட்டியில் வந்த இரட்டைகளாக வாங்காமல், நான்கு மாத இடைவெளியில் இரண்டு கடைகளில் வாங்கினேன். ஒரே நாள் தயாரானவை ஒரே குறையோடு இருக்கக்கூடும். ஒன்று லென்ஸ்கள் இருக்கும் ஈரப்பதக் கட்டுப்பாட்டுப் பெட்டியில், பரணுக்கு அருகே. பூஞ்சைக்குப் பயந்து லென்ஸுக்காக வாங்கிய பெட்டி அது. 45 சதவீத ஈரப்பதம் வன்வட்டுக்கும் நல்லது. மற்றது திருச்சியில் அக்கா வீட்டில். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும்போது இங்கிருப்பதைக் கொண்டுபோய் அங்கிருப்பதை எடுத்துவருவேன். ஒவ்வொரு முறையும் எழுதியபின் எல்லாக் கோப்புகளின் சரிபார்ப்பு எண்களையும் ஒப்பிடும் ஒரு சிறு நிரலை இரவு முழுதும் ஓடவிடுகிறேன். ஊதாக் கோடுகளை இனி பார்க்க எனக்குத் தெம்பில்லை.

கிளவுடில் எல்லாவற்றையும் ஏற்றவில்லை. தேர்ந்தெடுத்த ஆறாயிரம் படங்கள், ஜேபெக்காக, 60 ஜி.பி.; 100 ஜி.பி. திட்டத்தில் அடங்கிவிட்டன. நாஸ் பெட்டியை விற்கவில்லை. தொலைக்காட்சியில் படம் பார்க்கவும் கைப்பேசிகளிலிருந்து படங்களை வாங்கிவைக்கவும் அது இருக்கிறது. ஆனால் நகல்களை எண்ணும்போது அதைச் சேர்ப்பதில்லை. தொழிலாகக் கல்யாணப் படம் எடுப்பவரோ, மூன்று பேர் ஒரே நேரத்தில் திருத்தும் ஸ்டுடியோவோ என்றால் நாஸ் பெட்டிதான் முதல் செலவாக இருக்க வேண்டும். கைப்பேசியில் மட்டும் எடுப்பவருக்குக் கிளவுடும், ஆண்டுக்கு ஒருமுறை நகலெடுத்த ஒரு வன்வட்டும் போதும்.

திருச்சி வன்வட்டைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டவில்லை. சர்வர் வேலை பார்ப்பவர் இப்படிச் செய்யலாமா என்று உடன் வேலை செய்பவர்கள் கேட்டார்கள். வங்கித் தாள்களோ அடையாள அட்டைகளோ அதில் இல்லை. யார் எடுத்தாலும் திறக்க வேண்டும் என்பதற்காகவே அங்கே வைத்திருக்கிறேன்.

போன பொங்கலுக்குப் போனபோது அக்கா பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியிலிருந்து வன்வட்டை எடுத்துத் தந்தார். கூடவே நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று. மாலை நேரங்களில் மகனின் மடிக்கணினியில் செருகி, ஃபோல்டர் ஃபோல்டராகப் பார்த்துவந்திருக்கிறார். கோப்பின் எண்ணை எழுதி, எதிரே பெயர்களை எழுதியிருந்தார். 2012 காதுகுத்துப் படத்தில் திண்ணையில் அப்பாயிக்குப் பக்கத்தில் வெற்றிலைத் தட்டோடு நிற்கும் பெண்மணி யார் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. அப்பாயியின் சித்தி மகள், லால்குடியில் வாழ்க்கைப்பட்டவர் என்று எழுதியிருந்தது. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் திரும்பும்போது வன்வட்டைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். நோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.